‘டி’ உயிர்ச்சத்தும் அதன் அளவும்

ஞாயிறு நமக்கு ஒளியும் வெம்மையும் தருகின்றது என்பதை யாவரும் அறிவர். நம் எலும்பிற்கு உரமூட்டும் ஒரு பொருளையும் அதன் கதிர்கள் நம் தோலினுள்ளேயே ஆக்குகின்றன என்பதைச் சிலரே அறிவர். அப்பொருள் வைட்டமின் ‘டி’ எனப்படும். ‘டி’ உயிர்ச்சத்து எனத் தமிழிற் கூறுவர். இச்சத்துக் குறையாதிருத்தற்பொருட்டு அதனை மாத்திரையாகவும், பொடியாகவும், சொட்டு மருந்தாகவும் உட்கொள்ளும் வழக்கம் இக்காலத்தில் நகரங்களினின்று சிற்றூர்கள்வரை பரவியுள்ளது. சங்கரன்கோவில் போன்ற வெயில் மிக்க ஊரிலும் மக்கள் அதனை மருந்துக் கடையில் வாங்கி உண்கின்றனர். வெயிலால் வருவதை விலை கொடுத்து வாங்குவது ஏன்? அது தேவைதானா? தேவையாயின், எவர்க்கு, எவ்வளவு? இவ்வினாக்களுக்கு இயன்றவரை தெளிவாக விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இச்சத்து உடலில் ஆற்றும் தொழிலைக் காண்போம். எலும்பிற்கு உறுதி தருவது சுண்ணாம்புச் சத்து; அதனைக் கால்சியம் என்பர். நாம் உண்ணும் பாலிலும் கீரையிலும் தானியத்திலும் கால்சியம் உண்டு. ஆயினும் அது குடலினின்று குருதியிற் சேர்தற்கு ‘டி’ உயிர்ச்சத்தின் துணை வேண்டும். அத்துணை குறையின், உண்ட கால்சியத்திற் பெரும்பகுதி வீணே வெளியேறும். அப்பொழுது வளரும் குழந்தையின் எலும்பு கெட்டிப்படாது மென்மையாகவே நிற்கும், உடலின் பாரம் தாங்காது கால்கள் வில்போல் வளையும், மணிக்கட்டுப் பருக்கும், பல் முளைப்பதும் நடை பயில்வதும் தாமதமாகும், சிலபோது வலிப்பும் உண்டாகும். இந்நோயை ரிக்கெட்ஸ் என்பர். வளர்ந்தோர்க்கு இக்குறை நேரின் கால் வளைவதில்லை. ஆனால் எலும்பு நோவும், தொடைத் தசைகளிற் சோர்வும் தோன்றும். தரையில் அமர்ந்தவர் கையூன்றாமல் எழ இயலாது வருந்துவர்.

இந்நோயின் வரலாறு படிப்பினை மிக்கது. இங்கிலாந்தில் பிரான்சிஸ் கிளிஸன் என்னும் மருத்துவர் 1650 ஆம் ஆண்டிலேயே இதனைப் பற்றி விரிவான நூல் ஒன்று வெளியிட்டார். பின்னர் ஆலைகள் பெருகி, நகரத்து வானம் புகையால் மூடப்பட்டபோது அந்நாட்டுக் குழந்தைகளிடம் இந்நோய் மிகப் பெருகியது. ஜப்பான் நாட்டில் மிஷன் மருத்துவராகத் தொண்டாற்றித் திரும்பிய தியபால்டு பாம் என்பவர், தாம் ஜப்பானிற் காணாத இந்நோயைத் தம் தாய்நாட்டில் மிகுதியாகக் கண்டு வியந்தார். பல நாடுகளில் இருந்த மிஷன் மருத்துவர்களிடம் செய்தி திரட்டி ஒப்பு நோக்கினார். வறுமையும் அழுக்கும் எங்கும் உள. ஆனால் வெயில் குறைந்த இடங்களிலேயே ரிக்கெட்ஸ் உளது என்பது அவர்க்குப் புலனாயிற்று. வெயிலின்மையே இந்நோய்க்கு முதற்காரணம் என்று அவர் 1890 இல் எழுதினார். அக்காலத்தார் அவர் கூற்றைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை.

மீண்டும் இவ்வாராய்ச்சி தழைத்தது 1919 இல் ஆகும். அவ்வாண்டில் எட்வர்டு மெல்லன்பி என்பார் நாய்க்குட்டிகளுக்கு இந்நோயை உணவினால் உண்டாக்கி, காட் என்னும் மீனின் ஈரலெண்ணெயினால் அதனைத் தடுத்துக் காட்டினார். அதே ஆண்டில் பெர்லின் நகரத்தில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்னும் மருத்துவர், புற ஊதாக் கதிர் விளக்கின் ஒளியால் குழந்தைகளின் ரிக்கெட்ஸைக் குணப்படுத்தினார். ஒருவர் எண்ணெயாலும் மற்றொருவர் ஒளியாலும் ஒரே நோயைத் தீர்த்தது அறிஞர்க்குப் பெரும் புதிராயிற்று. எண்ணெயில் உள்ள சத்திற்கு மெக்காலம் என்பவர் 1922 இல் ‘டி’ எனப் பெயரிட்டார். ஒளி படுதலால் அச்சத்தே உண்டாகின்றது என்பது பின்னர் விளங்கியது. இவ்வகை ஆராய்ச்சிக்காக ஜெர்மானியராகிய விண்டவுஸ் 1928 இல் நோபல் பரிசு பெற்றார்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று கிடைத்தது. பம்பாய் மாகாணத்து நாசிக்கில் ஹட்சிஸன், ஷா என்னும் இருவர் ஆராய்ந்து 1922 இல் தம் முடிவை வெளியிட்டனர். திரையிட்ட வீட்டினுள் வாழ்ந்த செல்வக் குடிப் பெண்டிரும் அவர்தம் குழந்தைகளும் நல்லுணவு உண்டும் இந்நோய்க்கு ஆளாயினர். எளிய உணவே உண்டு வெட்டவெளியில் உழைத்த ஏழை மக்களோ இதனினின்று பெரும்பாலும் தப்பினர். ஆகவே வெயில் மிகுந்த நாட்டில் பிறந்தமை மட்டும் ஒருவரைக் காவாது. அவ்வெயில் அவர் மேனியிற் படவும் வேண்டும். நம் ஊரைப் பற்றி எண்ணுவதற்கு இதனை மனத்திற் கொள்ளுதல் நலம்.

நிற்க. சங்கரன்கோவிலின் வெயிலைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2019 இல் திருநெல்வேலி மாவட்டத்தினின்று பிரிந்த தென்காசி மாவட்டத்தில் அமைந்த இவ்வூர், பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் உள்ளது. ஆண்டிற்கு இருமுறை, சித்திரைப் பிறப்பை ஒட்டியும் ஆவணி நடுவை ஒட்டியும், நண்பகலில் ஞாயிறு நேரே தலைக்கு மேல் நிற்கும். நிழல் காலடியில் ஒடுங்கும். மார்கழி மாதத்திற்கூட நண்பகல் நிழல் நம் உயரத்தில் மூன்றில் இரு பங்கிற்கு மேற்படாது. இலண்டன் நகரத்திலோ அதே காலத்து நண்பகல் நிழல் ஆளின் உயரத்தைப்போல் மூன்று மடங்கினும் மிக நீளும். ‘டி’ சத்தை ஆக்கவல்ல ‘பி’ வகைப் புற ஊதாக் கதிர்கள், சாய்ந்து வரும் ஒளியில் காற்று மண்டலத்திலேயே பெரிதும் தடைப்பட்டுவிடும். அதனாலேயே இங்கிலாந்தில் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் யாவரும் நாளொன்றுக்கு 400 அலகு உட்கொள்ளுதலை எண்ணிப் பார்க்குமாறு அந்நாட்டுச் சுகாதாரத் துறை 2016 இல் அறிவுறுத்தியது. அவ்வறிவுரை அவர்தம் வானத்திற்கு ஏற்றது. நமக்கோ ஆண்டு முழுவதும் வானம் இச்சத்தை வழங்கிக்கொண்டே இருக்கின்றது.

அவ்வாறாயின் நம்மவர்க்குக் குறை எவ்வாறு வரும்? நம்மவர் தொழிலைக் காண்க. சங்கரன்கோவிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் நெசவிற்குப் பெயர் பெற்றவை. விசைத்தறிக் கூடத்தில் நின்று பாவையும் ஊடையையும் கண்காணிக்கும் தொழிலாளி, பகற்பொழுதைக் கூரையின் கீழேயே கழிக்கின்றார். இரவு வேலை பார்ப்பவர் பகலில் உறங்குகின்றார். தென்காசி மாவட்டத்துச் சிற்றூர்களில் மகளிர் பலர் திண்ணையிலும் வீட்டினுள்ளும் அமர்ந்து பீடி சுற்றுகின்றனர். மல்லிகை கொய்வோர் வைகறையிற் சென்று வெயில் ஏறுமுன் மீள்கின்றனர். காட்டு வேலை செய்யும் பெண்டிர்கூடச் சேலையின்மேல் முழுக்கைச் சட்டை அணிந்து, தலையில் துண்டு கட்டிக்கொள்கின்றனர். வெம்மைக்கு அஞ்சி அவர் செய்வது முறையே. மாணவரோ வகுப்பறையினின்று விடுதிக்கும், விடுதியினின்று படிப்பறைக்கும் செல்பவர். சன்னலின் கண்ணாடி வழியே வரும் வெயில் ஒளி தருமேயன்றி இச்சத்தைத் தாராது. அதற்குரிய கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும்.

தோலின் நிறமும் ஒரு காரணமாம். கருநிறப் பொருள் மிகுந்த தோல் கடுவெயிலின் தீங்கினின்று நம்மைக் காக்கின்றது. ஆனால் அதே அளவு சத்தை ஆக்க வெளிறிய தோலினும் நீண்ட நேரம் வேண்டுகின்றது. முதுமையில் தோல் இச்சத்தை ஆக்கும் ஆற்றல், இளமையில் இருந்ததிற் பாதிக்கும் கீழாகக் குறையும்.

அண்மைக் கால ஆராய்ச்சிகளும் இவற்றை வலியுறுத்துகின்றன. தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிலையத்தார் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நோயின்றி இருந்த மருத்துவரிடமும் தாதியரிடமும் இச்சத்துக் குறைவாக இருந்தது. வெயிலிற் பயிற்சி செய்யும் போர்வீரரிடம் மிகுதியாக இருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் மாதவிடாய் நின்ற பெண்டிரை ஆராய்ந்து 2008 இல் வெளியிட்டபோது, அவருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் இக்குறை காணப்பட்டது. திருப்பதியில் செய்த ஆய்வில் நகரத்தாரினும் நாட்டுப்புறத்தார்க்கு இச்சத்து மிகுதியாக இருந்தது. அன்றியும், அவ்வூரில் ஆண்டு முழுவதும் பகல் 11 மணி முதல் 2 மணி வரையே தோலில் இச்சத்து நன்கு உண்டாகின்றது என்பதும் 2013 இல் வெளிவந்தது.

இம்முடிபு நம்மிடையே வழங்கும் ஓர் எண்ணத்தைத் திருத்துகின்றது. விடியற்காலத்து இளவெயிலே இச்சத்திற்கு உகந்தது எனப் பலர் கருதுகின்றனர். இளவெயில் உடலுக்கு இதமானது, உலாவுதற்கு ஏற்றது. எனினும் அதில் ‘டி’ சத்தை ஆக்கும் கதிர் மிகக் குறைவு. இதனை அறிய எளிய வழி ஒன்று உண்டு. வெயிலில் நின்று நிழலை நோக்குக. நிழல் நம் உயரத்தினும் குறுகியிருப்பின் அவ்வெயில் பயன் தரும்; நீண்டிருப்பின் பயன் சிறிதே. பகற்போதில் கை, கால், முகம் ஆகியவற்றில் வெயில் படும்படி வாரத்திற் சில நாட்கள் கால்மணி முதல் அரைமணி நேரம் இருத்தல் பெரும்பாலோர்க்குப் போதும். கோடையில் 11 மணிக்குச் சற்று முன்னரே அதனை முடித்துக்கொள்க; நீர் அருந்துக; மயக்கம் வரும்வரை நின்று வருந்துதல் அறியாமை. கைக்குழந்தைகளை உச்சிவெயிலிற் கிடத்துதல் ஆகாது.

இனி உணவைப் பற்றி ஒரு சொல். இயற்கை உணவுகளில் இச்சத்து மிகுதியாக உள்ளவை சிலவே. சாளை போன்ற கொழுப்பு மிகுந்த மீன்களில் ஓரளவு உண்டு. ஒரு முட்டையின் மஞ்சட் கருவில் ஏறத்தாழ 40 அலகு உண்டு. காய்கறிகளிலும் தானியங்களிலும் இஃது இல்லை என்றே கூறலாம். ஆதலால் மரக்கறி உண்போர் உணவை மட்டும் நம்பியிருத்தல் இயலாது. இக்குறையை ஒருவாறு நீக்கும்பொருட்டு, பாலிலும் சமையல் எண்ணெயிலும் ‘ஏ’, ‘டி’ உயிர்ச்சத்துக்களைச் சேர்த்து விற்பதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 இல் விதிகள் வகுத்தது. அவ்விதிப்படி சேர்க்கப்பட்ட பால் ஒரு லிட்டரில் 200 முதல் 300 அலகுவரை ‘டி’ சத்து இருக்கும். கூட்டற்குறியுடன் ‘எஃப்’ எழுத்துப் பொறித்த முத்திரை அதற்கு அடையாளம்.

மருந்தாக உட்கொள்ளுதல் எவர்க்கு வேண்டும் என்னும் வினாவிற்கு இப்பொழுது வருவோம். முதலில் வைத்து எண்ணத்தக்கவர் கைக்குழந்தைகள். தாய்ப்பாலிற் சிறந்த உணவு குழந்தைக்கு இல்லை. எனினும் அதில் இச்சத்து மிகக் குறைவு. ஆதலின் பிறந்தது முதல் ஓராண்டு நிறையும்வரை நாள்தோறும் 400 அலகு சொட்டு மருந்தாக ஊட்டவேண்டும் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் கழகத்தின் பரிந்துரை. அடுத்து, வீட்டைவிட்டு வெளிச்செல்ல இயலாத முதியோர், நெடுநாள் நோயிற் கிடப்போர், உடல் முழுதும் மறைய உடுப்போர், பகலெல்லாம் கூரையின் கீழ் உழைப்போர், கருவுற்ற தாய்மார் ஆகியோர் மருத்துவரைக் கேட்டு உட்கொள்ளுதல் தகும். வலிப்பு நோய்க்கு மருந்துண்போரிற் சிலர்க்கும் இச்சத்து விரைவில் குறையும்.

அளவு எவ்வளவு? நம் நாட்டில் உணவாராய்ச்சி முறையாகத் தொடங்கியது தமிழகத்துக் குன்னூரிலேயாம். 1918 இல் மெக்காரிஸன் அங்குத் தொடங்கிய ஆய்வுப் பணியே வளர்ந்து, 1958 இல் ஐதராபாத்திற்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது. அந்நிறுவனம் 2020 இல் வகுத்த கணக்கின்படி, வளர்ந்த ஒருவர்க்கு நாளொன்றுக்கு வேண்டுவது 600 அலகு. முதியோர்க்கு 800 அலகு. கைக்குழந்தைக்கு 400 அலகு. வளர்ந்தோர் மருத்துவர் கண்காணிப்பின்றி நாளொன்றுக்கு 4,000 அலகைக் கடத்தல் ஆகாது.

இவ்விடத்தில் வாசகர் கருத்தூன்றி நோக்குதல் வேண்டும். மருந்தின் உறையில் ‘ஐ.யு.’ என்று அச்சிட்டிருப்பது இவ்வலகையே குறிக்கும். நாற்பது அலகு சேர்ந்தது ஒரு மைக்ரோகிராம். அதாவது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இத்துணை நுண்ணிய அளவே உடலுக்குப் போதும். நம் மருந்துக் கடைகளில் பெரிதும் விற்பனையாவது 60,000 அலகு கொண்ட பொடிப் பொட்டலமும், மாத்திரையும், 5 மில்லிலிட்டர் சிறு புட்டியும் ஆகும். குறைபாடு உறுதியானவர்க்கு மருத்துவர் வாரம் ஒன்றாக எட்டு வாரம்போலக் குறித்த காலத்திற்கு இதனைக் கொடுப்பர். அது நோய் தீர்க்கும் அளவு. நோய் வாராது காக்கும் அளவன்று. நாள் ஒன்றிற்கு 600 அலகு வேண்டும் ஒருவர்க்கு அவ்வொரு பொட்டலம் நூறு நாள் படி. 400 அலகு வேண்டும் குழந்தைக்கோ அது நூற்றைம்பது நாள் படியாம். ‘வாரம் ஒன்று’ என்று எழுதியதை ‘நாளும் ஒன்று’ என்று கொள்வதும், பழைய சீட்டைக் காட்டி மாதந்தோறும் வாங்கிக்கொண்டே இருப்பதும், பெரியோர்க்குரிய புட்டியைக் குழந்தைக்குரிய சொட்டு மருந்தென மயங்கி ஊட்டுவதும் எத்துணைத் தீங்கு பயக்கும் என்பது இக்கணக்கால் விளங்கும்.

தீங்கு யாது எனின் கூறுவோம். ‘சி’ உயிர்ச்சத்து மிகுந்தால் பெரும்பாலும் சிறுநீரிற் கழியும். ‘டி’ சத்தோ கொழுப்பிற் கரைவது. உடலிலேயே தங்கிச் சேரும். மிகையாகச் சேரின் குருதியிற் கால்சியம் பெருகும். அதனால் நாவறட்சி, அடிக்கடி சிறுநீர் கழிதல், வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம் முதலியன தோன்றும். நாளடைவில் சிறுநீரகத்திற் கல் உண்டாகும். சிறுநீரகமே பழுதுபடவும் கூடும். வெயிலால் வரும் சத்தில் இவ்வச்சம் இல்லை. போதிய அளவு ஆனபின் எஞ்சியதை அவ்வெயிலே சிதைத்துவிடும். மருந்திற்கு அத்தகைய தடை இல்லை. தடையாக நிற்கவேண்டியது நம் அறிவே.

இதற்கு வரலாற்றிற் சான்றுகள் உண்டு. இங்கிலாந்தில் 1950-களில் குழந்தைகளுக்குரிய பாற்பொடியிலும், தானிய உணவிலும், மீனெண்ணெயிலும் தனித்தனியே இச்சத்தைச் சேர்த்தனர். மூன்றையும் உண்ட குழந்தைகள் சிலர்க்குக் குருதியிற் கால்சியம் மிகுந்து நோய் கண்டது. 1957 இல் அரசாங்கத்தார் அளவைக் குறைத்தனர். ஆஸ்திரேலியாவில் எழுபது வயதிற்கு மேற்பட்ட 2,256 பெண்டிரைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தனர். எலும்பு முறிவைத் தடுக்க எண்ணி, ஒரு பகுதியினர்க்கு ஆண்டிற்கு ஒருமுறை 5,00,000 அலகை ஒருங்கே கொடுத்தனர். 2010 இல் முடிவு வெளிவந்தபோது, மருந்துண்டவரே மிகுதியாக விழுந்தனர், அவர்க்கே எலும்பு முறிவும் மிகுந்தது என்பது தெரிந்தது.

மற்றொன்றும் கூறுதல் வேண்டும். இச்சத்து எல்லா நோய்க்கும் மருந்து என்று சிலர் விளம்பரம் செய்வர். அமெரிக்காவில் 25,871 பேரைக் கொண்டு, ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலம் நாளும் 2,000 அலகு கொடுத்து ஒரு பேராய்வு நடத்தினர். புற்றுநோயும் இதய நோயும் தோன்றுவது அதனால் குறையவில்லை என 2019 இலும், எலும்பு முறிவும் குறையவில்லை என 2022 இலும் அதன் முடிபுகள் வெளியாயின. அவருட் பெரும்பாலோர் முன்னரே குறைவின்றி இருந்தவர் என்பதை நோக்குக. இல்லாதார்க்கு ஈவது உதவி. நிறைந்தார்க்கு மேலும் ஊற்றுவது வீண். நோயின் குறி ஏதும் இல்லாதார் யாவரும் இதற்கெனக் குருதிச் சோதனை செய்துகொள்ள வேண்டுவதில்லை என்று 2024 இல் நாளமில்லாச் சுரப்பியியல் வல்லுநர் கழகம் ஒன்று வெளியிட்ட வழிகாட்டியும் கூறுகின்றது. ஆனால் எலும்பு நோவு நீங்காதிருப்பவரும், குழந்தையின் கால் வளைவதைக் காணும் பெற்றோரும் தாமே மருந்து வாங்காமல் மருத்துவரிடம் செல்க. சிறுநீரக நோய், சிறுநீர்க் கல், காசநோய் ஆகியவை உடையோர் மருத்துவர் சொல்லாமல் இம்மருந்தைத் தொடுதல் ஆகாது.

மருந்துண்போர்க்குச் சில குறிப்புகள்: கொழுப்பிற் கரையும் பொருளாதலின் உணவோடு, அல்லது உணவு உண்டவுடன், இதனை உட்கொள்ளுதல் நன்று. பெருமருந்தை எப்பொழுதோ ஒருமுறை விழுங்குவதினும் சிற்றளவை நாளும் உட்கொள்ளுதல் காப்பிற்கு ஏற்றது. கால்சியமின்றி ‘டி’ சத்து மட்டும் எலும்பை ஆக்காது. செங்கல் இன்றிக் கொத்தன் மட்டும் வந்து சுவர் எழுமோ? நம் கரிசற் காட்டு மக்கள் முன்னாளில் நாளும் உண்ட கேப்பையில் அரிசியினும் பன்மடங்கு கால்சியம் உண்டு. அதனைக் கூழாகவும் களியாகவும் மீண்டும் உண்போமாயின், மோரும் முருங்கைக் கீரையும் உடன் சேர்ப்போமாயின், மருந்திற்கு இடும் பொருளிற் பெரும்பகுதி மிஞ்சும்.

மாணவ நண்பர்காள்! விடுமுறைக்கு இல்லம் செல்லும் நீவிர், வீட்டு அலமாரியில் இம்மருந்து இருப்பின் அதன் உறையை எடுத்துப் படியுங்கள். எத்தனை அலகு, எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்துணைக் காலம் என்னும் மூன்றையும் மருத்துவர் எழுதிய சீட்டோடு ஒப்பிட்டு, எழுத்தறியாத பெரியோர்க்கும் தறி மேலும் முறத்தின் முன்னும் பகலைக் கழிக்கும் தாய்மார்க்கும் எடுத்துரையுங்கள். பகலுணவு வேளையிற் சிறிது நேரம் முற்றத்தில் இருக்குமாறும் சொல்லுங்கள். வெயில் இலவசமாகக் கிடைப்பது. மருந்து விலைக்குக் கிடைப்பது. இரண்டிற்கும் அளவு அறிதல் கல்வி கற்றார் கடன்.